மருந்தகப் பொறுப்பு

சீட்டைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது மருந்தாளுநரின் வேலை. அந்த மாத்திரை கெடாமல், தட்டுப்பாடு இல்லாமல், கேட்ட நேரத்தில் அலமாரியில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது மருந்தகப் பொறுப்பாளரின் வேலை.

குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்த்து எழுதிவைக்க வேண்டும். உறைந்துபோன இன்சுலின், உருகிய பிறகு பார்வைக்கு நல்லதாகவே தெரியலாம். அதை நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது. காலாவதி நெருங்கும் பெட்டி முன்வரிசைக்கு வர வேண்டும். இந்திய மருந்து விதிகளின் அட்டவணை எச்1-இல் உள்ள மருந்தை விற்றால் மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது விதி.

இவற்றைவிடக் கடினமானது ஆட்களை நடத்துவது. பெயர் ஒத்த இரண்டு மருந்துகளை அருகருகே அடுக்கினால் அவசரத்தில் கை தவறும். தவறிய இளையவரை எல்லார் முன்னிலையிலும் திட்டினால் அடுத்த தவறு மறைக்கப்படும். அதன் விலையை நோயாளி கொடுப்பார். "எங்கே தவறியது?" என்று கேட்டு, அடுக்கை மாற்றி வைப்பவரே நல்ல மேலாளர்.

மருந்தகங்களில் பணிபுரியும் தம்பி, தங்கைகளே! நாளை மேலாளர் நாற்காலி உங்களுக்கு வரும்போது விற்பனைக் கணக்கோடு நின்றுவிடாதீர்கள். குளிர்பெட்டி, பதிவேடு, உடன் உழைப்பவரின் மனம் மூன்றும் உங்கள் பொறுப்பே.