அழித்துவிட்டோம் என்று சொல்லலாமா?

கிளவுட் காலத்திலும் டேப்பா என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்கள் சிலருடைய மின்னஞ்சல்கள் மொத்தமாகக் காணாமல் போயின. கணினிகளில் இருந்த பல பிரதிகளையும் அந்தப் பிழை பாதித்திருந்தது. கழற்றி வைத்திருந்த டேப்பை அதனால் தொட முடியவில்லை. கூகுள் அங்கிருந்துதான் மீட்டது.

என் வேலையிலும் இரவானால் சர்வர்கள் நெட்வொர்க் வழியாகத் தாமாகவே டேப்பில் எழுதிக்கொள்ளும். டேப்பை வாங்கிக்கொண்டே இருக்க முடியாது, அதனால் சுழற்சி. இதில் பழைய முறை ஒன்றுக்கு 'தாத்தா-அப்பா-மகன்' என்றே பெயர். திங்கள் முதல் வியாழன் வரை நான்கு மகன்கள். அடுத்த வாரம் அதே கிழமையில் அவற்றின் மேலேயே எழுதப்படும். வெள்ளிக்கிழமை டேப் அப்பா, ஒரு மாதம் இருப்பார். மாதக் கடைசி டேப் தாத்தா. ஒரு வருஷம் வைப்பார்கள், கணக்குவழக்கு என்றால் ஏழு வருஷம். (நம் வீடுகளில் நேர்மாறு. பேரனுக்குப் போன் நிறையப் படங்கள், தாத்தாவுக்கு ஐ.சி. படம் ஒன்றுதான்.)

வேலையை விட்டுப் போன ஒருவர், தன் மருத்துவச் சான்றிதழ்களை அழிக்கச் சொல்லி மார்ச்சில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேல் வைத்திருக்காதே என்றுதான் சொல்கிறது. மனிதவளப் பிரிவு நீக்கிவிட்டு 'அழித்துவிட்டோம்' என்று பதில் போடுகிறது. ஆனால் பிப்ரவரி தாத்தா அலமாரியில் இருக்கிறார். அதன் நடுவிலிருந்து ஒரு கோப்பை மட்டும் பிடுங்க முடியாது. நடுவில் புதிதாக எழுதினால் அதற்குப் பின்னால் உள்ள எதையும் படிக்க முடியாமல் போகும். நாளைக்கே சர்வர் செத்து அந்த டேப்பிலிருந்து மீட்டால், சான்றிதழ்கள் உயிரோடு வந்து உட்காரும்.

அப்படியென்றால் அந்தப் பதில் பொய்யா? எழுதியவருக்கு டேப் இருப்பதே தெரியாது. தெரிந்த எஞ்சினியரை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும், "சிஸ்டம் அப்படித்தான்" என்பார். எனக்குப் பிடிக்காத வாக்கியம் இது. சிஸ்டம் தானாக அப்படி ஆகவில்லை, என்றோ ஒருநாள் யாரோ உட்கார்ந்து அட்டவணை போட்டிருக்கிறார்.

பூட்டிய டேப்பை யார் படிக்கப் போகிறார்கள் என்று ஒரு நண்பன் வாதாடினான். கொடுத்த வாக்கு படிக்க மாட்டோம் என்பதல்லவே, அழிப்போம் என்பதுதானே.

ஆனால் இதற்காக டேப்பைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. இன்றைய கட்டளைக்கு அது கீழ்ப்படியாததால்தான் ஜிமெயில் பிழைத்தது. ஒரே கட்டளையில் எல்லாப் பிரதிகளும் அழியும் என்றால், கோபத்தில் வேலையை விடுகிற ஒருவர் போகிற போக்கில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போகலாம். நம்மைக் காப்பாற்றும் அதே பிடிவாதம்தான் அந்த மனிதரிடம் நம்மைப் பொய்யராக்குகிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வழி இல்லை.

ஆகவே தேதியைச் சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. 'சர்வரிலிருந்து நீக்கிவிட்டோம், டேப்பில் இந்தத் தேதிவரை இருக்கும், அதற்குள் மீட்க நேர்ந்தால் மறுபடி நீக்குவோம்.' படிக்க அழகாக இருக்காது, சட்டப் பிரிவு முகம் சுளிக்கும். மறுபடி நீக்குவதென்றால் யாரையெல்லாம் நீக்கினோம் என்று ஒரு பட்டியலும் வேண்டும். பெயர் வேண்டாம், ஊழியர் எண் போதும். கடைசித் தாத்தா இருக்கும்வரை அந்தப் பட்டியலும் இருந்தாக வேண்டும். அதற்கும் பேக்கப் எடுக்க வேண்டும்.