வெட்கப்பட்டு மௌனமாயிராதீர்கள்



நல்ல ஆயனைப் பற்றிய உவமையில் சேசுநாதர் சுவாமி சொன்ன கள்ளன் வேறு வழியாய் ஏறி வருகிறவன். இக்காலத்துக் கள்ளனோ கைப்பேசியில் கூப்பிட்டு, நாமே கதவைத் திறக்கும்படி செய்கிறான்.

நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயாரை, போலீஸ் உடுப்பு தரித்த ஒருவன் வீடியோவில் அழைத்தான். அவர் பெயருக்கு வந்த பார்சலில் போதைப்பொருள் அகப்பட்டதென்றும், அவரை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருப்பதாகவும், யாரிடமும் மூச்சு விடக் கூடாதென்றும் மிரட்டினான். மகள் கலியாணத்துக்குச் சேர்த்த பணம் அன்றைக்கே போயிற்று. அவமானத்துக்கு அஞ்சி அந்த அம்மாள் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. அதற்குள் பணம் பல கைகள் மாறி மறைந்துவிட்டது. இதை எழுதச் சொன்னவரும் அவரே.

ஆகையால் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் அரெஸ்ட் என்பது இந்தியச் சட்டத்தில் கிடையாது. யு.பி.ஐ. இரகசிய எண் பணம் அனுப்பத்தான் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை. ஓ.டி.பி. எண்ணை எந்த வங்கியும் தொலைபேசியில் கேளாது. யாருக்கும் சொல்லாதே என்று ஒருவன் சொன்னால், அப்போதே வீட்டாரிடம் சொல்லுங்கள்.

ஏமாந்துவிட்டீர்களா? தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் கைமாறுமுன் அதை நிறுத்திவைக்க வழியுண்டு. ஏமாற்றுவதே பாவம், ஏமாந்துபோவது பாவமல்ல.

பிள்ளைகளே, ஏமாந்து நிற்கும் தாய் தகப்பனைக் கடிந்துகொள்ளாதேயுங்கள். உங்கள் கோபத்துக்கு அஞ்சி அவர்கள் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கள்ளனுக்கே ஆதாயம். சர்வேசுரன் உங்கள் இல்லங்களைக் காத்தருள்வாராக.