பொருளைக் காக்க உயிரைப் பறிக்கலாமோ?

வேடுபறி உத்ஸவத்தில், மணவாளக் கோலத்துடன் எழுந்தருளும் எம்பெருமானைக் கலியன் வழிமறித்துக் கொள்ளையிடும் திருவிளையாடலை அடியார்கள் கண்டு களிக்கின்றனர். அவ்விளையாட்டினுள்ளே ஆழ்ந்த தர்ம விசாரம் ஒன்று அடங்கியிருக்கிறது. தன் பொருளைக் கவர வந்தவனை அப்பொருளுக்கு உடையவன் கொல்லலாமோ என்பதே அது.

தீ வைப்பவன், நஞ்சிடுபவன், ஆயுதமேந்திக் கொல்ல வருபவன், தனத்தை அபகரிப்பவன், நிலத்தைக் கவர்பவன், பிறன் மனைவியைக் கவர்பவன் ஆகிய அறுவரையும் ஆததாயிகள் என்று வஸிஷ்ட ஸ்மிருதி கூறும். ஆததாயியைக் கொல்வது குற்றமாகாது என்று மனுவும் விதித்துள்ளார். ஆயினும் கீதையின் முதல் அத்தியாயத்தில், துரியோதனாதியரை ஆததாயிகள் என்று அறிந்தே, அவர்களைக் கொன்றால் பாபமே சேரும் என்று அர்ஜுனன் கலங்குகிறான். சாஸ்திரம் அனுமதித்த இடத்திலும் நெஞ்சம் நடுங்குகிறது என்பது இதனால் விளங்கும்.

பொருளைக் கவர்பவன் இவ்வரிசையில் வைக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. ஏழைக் குடியானவனுக்கு விதைநெல்லும் உழவுமாடுமே உயிர். அவற்றை இழந்தால் அவன் குடும்பம் பட்டினியால் மடியும். ஆகவே அவன் தன் உடைமையைக் காத்துக்கொள்வது பேராசையாகாது. எனினும் இழந்த பொருளை மீண்டும் ஈட்டலாம்; போன உயிரை ஈட்டித் தருவார் எவருமிலர்.

நாட்டின் சட்டமும் இவ்வேறுபாட்டை ஒட்டியே அமைந்துள்ளது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமும், அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய ஸம்ஹிதையும், கொள்ளை, இரவில் வீட்டை உடைத்துப் புகுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் போன்றவற்றைத் தடுக்கையில் மரணம் நேரினும் அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு நேரும் என்ற நியாயமான அச்சத்தை விளைவிக்காத வெறும் திருட்டைத் தடுக்கக் கொல்லும் உரிமை இல்லை. அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் தற்காப்புரிமையே இல்லை. தேவைக்கு மிஞ்சிய தீங்கும் கூடாது.

வயலைக் காப்பதற்காகச் சிலர் அனுமதியின்றி மின்வேலி அமைக்கின்றனர். இதனினும் கொடியது வேறில்லை. காவல் நிற்கும் மனிதன், வந்தவன் கள்வனா, வழி தவறிய சிறுவனா என்று பார்ப்பான், கூவி எச்சரிப்பான், ஓடுபவனை விட்டுவிடுவான். மின்கம்பிக்குக் கண்ணுமில்லை, இரக்கமுமில்லை. விலங்குக்கென்று அமைத்த வேலியில் மனிதர் மாண்டதுண்டு. வந்தவன் ஆததாயியா என்று ஆராயாமலே தண்டிப்பதை எந்த ஸ்மிருதியும் அனுமதிக்கவில்லை.

இனி வேடுபறியைச் சிந்திப்போம். அடியார்க்கு அமுது செய்விக்கும் பொருட்டே ஆயினும், கலியன் செய்தது வழிப்பறியே. காலாழியையும் பல்லால் கடித்து வாங்கினான். வாளை ஓங்கி மந்திரத்தைக் கேட்டான். கவரப்பட்டவனோ திருவாழியை உடையவன். அதை அவன் ஏவவில்லை. திருவஷ்டாக்ஷரத்தைச் செவியில் ஓதினான். அன்று அக்கள்வன் வீழ்த்தப்பட்டிருந்தால், திருமங்கையாழ்வாரின் ஆறு பிரபந்தங்களும் உலகுக்குக் கிடைத்திரா. கள்வனைக் கொல்பவன், அவன் நாளை ஆகக்கூடிய நல்லவனையும் சேர்த்தே கொல்கிறான்.

இல்லறத்தான் எம்பெருமான் அல்லன். தன்னுயிருக்கோ மனைவி மக்கள் உயிருக்கோ ஆபத்து வந்தால் அவன் எதிர்த்து நிற்பதே கடமை. பொருள் மட்டுமே போகுமெனில், தாழிடலாம், கூவலாம், அயலாரை அழைக்கலாம், காவல் நிலையத்தாருக்கு அறிவிக்கலாம், பிடித்தும் கொடுக்கலாம். கொலைக்கு மட்டும் துணியலாகாது.

எம்பெருமானார் காலத்தில், உறங்காவில்லிதாசரின் தேவியான பொன்னாச்சியார் துயில்வதுபோல் கிடக்க, வந்தவர்கள் ஒருபுறத்து நகைகளைக் கழற்றினர். மறுபுறத்தையும் அவர்கள் கொள்ளட்டும் என்று அவர் புரண்டார். வந்தவர்கள் அஞ்சி ஓடினர். தாசரோ மகிழவில்லை. தன் பொருளைத் தான் கொடுப்பதாக எண்ணியதே பிழை என்று தேவியைக் கடிந்துகொண்டார். கொடுப்பதிலும் 'எனது' என்ற எண்ணம் குற்றமாகுமெனில், அதன் பொருட்டுக் கொல்வதை என்னென்பது! அனைத்தும் அவனுடைமை, கள்வனுடைய உயிரும் அவனுடைமையே. இதனை அடியார்கள் நெஞ்சில் நிறுத்தி வாழ எம்பெருமான் அருள்புரிவானாக.