கூலி கொடுக்காத குளம்

ஈராக்கின் பஸ்ரா நகரை ஒட்டி ஓடும் ஷத் அல்-அரப் ஆற்றில் ஒரு பெருங்கப்பல் பக்கம் சாய்ந்து துருவேறிக் கிடக்கிறது. 1980களில் சதாம் ஹுசைனுக்காகப் பின்லாந்தில் கட்டப்பட்ட அல்-மன்சூர் அது. நீளம் 121 மீட்டர். சதாம் அதில் ஒருநாளும் ஏறியதில்லை. 2003இல் அமெரிக்க விமானங்கள் அதன்மேல் குண்டு வீசின. பிறகு சரவிளக்கு முதல் தளபாடம் வரை ஊரார் கழற்றிக்கொண்டு போனார்கள். இப்போது மீனவர்கள் ஏறி உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். ஹிட்லரின் உல்லாசக் கப்பலான கிறில்லே 1951இல் நியூ ஜேர்சியில் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. அதன் கழிப்பறைப் பீங்கான் மட்டும் பல ஆண்டுகள் அங்கே ஒரு மோட்டார் திருத்துமிடத்தில் மதிப்போடு இருந்தது. வரலாறு சில வேளைகளில் சரியான பொருளைத்தான் பாதுகாக்கிறது.

இவர்களைப் போலன்றி, இலங்கையின் கண்டி அரசனுக்குக் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. கரையோரம் முழுவதும் வெள்ளையர் கையில் இருக்க, மலைகளுக்குள் அடைபட்டிருந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், அரண்மனைக்கு முன்னால் கிடந்த வயல்களை நீரால் நிரப்பிக்கொண்டான். 1812 வாக்கில் வேலை முடிந்தது. அதற்குப் பாற்கடல் என்று பெயரும் இட்டார்கள். நடுவில் ஒரு தீவு, கரையில் முகில் வடிவச் சுவர். வேலை செய்தவர்கள் குடிமக்கள். கூலி கிடையாது, ஏனென்றால் அது இராஜகாரியம், அதாவது அரசனுக்குக் குடிகள் செய்ய வேண்டிய கட்டாய ஊழியம். எதிர்த்த பிரதானிகளை அந்தக் குளத்திலேயே கழுவேற்றினான் என்பது பரம்பரைக் கதை. 1814இல், தன்னை எதிர்த்த பிரதானி எஹெலபொலையின் மனைவி மக்களைக் கொன்றது கதையல்ல, நடந்தது. ஆனால் அவனுடைய கொடுமைகளைக் கவனமாக எழுதிவைத்தவர்களில் பலர் அவன் அரியணையைக் குறிவைத்திருந்தவர்கள் என்பதையும் நாம் மறந்துவிட முடியாது. கொடுங்கோலனைப் பற்றிய சாட்சியத்தை அவனைவிடப் பெரிய ஆதிக்கக்காரன் தந்தால் அதை எப்படி எடைபோடுவது என்பது இன்னும் தீராத சங்கடம்.

1815 பெப்ரவரியில் அரசன் வெள்ளையரிடம் பிடிபட்டான். மார்ச் 2ஆம் திகதி ஒப்பமிடப்பட்ட கண்டி ஒப்பந்தம், 'மலபார்' (தமிழரை வெள்ளையர் அழைத்த பெயர்) அரசனின் கொடுமைகளிலிருந்து குடிகளை மீட்பதாகத் தொடங்கியது. கண்டிப் பிரதேசத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் அனுமதியின்றித் திரும்பி வருவதையும் தடுத்தது. மறு ஆண்டு கோர்ன்வாலிஸ் என்ற போர்க்கப்பலில் அவனைச் சென்னைக்கு ஏற்றினார்கள். பாற்கடல் வெட்டுவித்தவனுக்கு வாய்த்த கடற்பயணம் அது. குளத்தை மட்டும் மீட்பர்கள் தூர்த்துவிடவில்லை. அரசமகளிருக்குரியதாக இருந்த தீவில் வெடிமருந்தைச் சேமித்துவைத்தார்கள்.

கம்பளையில் வாழும் நமக்கு இந்தக் கதையின் மிச்சம் வேறொரு இடத்தில் உறைக்கிறது. ஒப்பந்தம் எழுதிப் பத்தாண்டு ஆகுமுன்பே, இங்கே சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் போட்டார்கள். அந்தப் பயிர் மலையெங்கும் பரவியபோது, வரக்கூடாதென்று சட்டம் எழுதிய அதே ஆட்சி, அதே மொழி பேசும் ஏழைகளைக் காடு வெட்ட ஆயிரக்கணக்கில் அழைத்து வந்தது. அரச உறவு கொண்டாடுகிற தமிழன் ஆபத்தானவன், மண்வெட்டி பிடிக்கிற தமிழன் அவசியமானவன். அரசன், சிறைவைக்கப்பட்டிருந்த வேலூரில் 1832 ஜனவரியில் இறந்தான். இராஜகாரியத்தை ஒழிக்கும் ஆணையும் அதே 1832இல்தான் பிறந்தது. ஊதியமில்லா ஊழியம் போய்க் கடனில் கட்டுண்ட கூலி வந்தது. முன்னதைக் கொடுங்கோன்மை என்று எழுதிய பேனா, பின்னதை முன்னேற்றம் என்று எழுதியது.

அவனுடைய சிம்மாசனம் விண்ட்சர் கோட்டையில் இருந்துவிட்டு 1934இல் முடியோடு திரும்பி வந்தது. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அவனது சிங்கக்கொடிதான் 1948இல் சுதந்திர நாட்டின் கொடியாக ஏறியது. வேலூரில் பாலாற்றங்கரையில் அவனுக்கொரு முத்துமண்டபமும் உண்டு. ஆண்டவர்களின் பொருள்கள், அவர்களை நாம் வெறுத்தாலும், எப்படியோ ஒரு மதிப்பான இடத்தைச் சேர்ந்துவிடுகின்றன. மண் சுமந்தவர்களிடமிருந்து எஞ்சியது அந்த நீர்ப்பரப்பு மட்டுமே, அதுவும் அரசனின் பெயரில். அதன் அழகை மறுக்க வேண்டியதில்லை. மாலையில் அந்தக் கரையில் நடப்பதற்கு யாரும் குற்றவுணர்வு கொள்ளவும் வேண்டாம். பஸ்ராவின் மீனவர்களும் அப்படித்தான் தேநீர் குடிக்கிறார்கள், ஆனால் அது யாருடைய கப்பல் என்று அவர்களுக்குத் தெரியும். கம்பளையிலிருந்து சுற்றுலா அழைத்துப் போகும் ஆசிரியர்கள், வாவியைக் கட்டிய அரசனின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அதை வெட்டியவர்களுக்குக் கூலி கொடுக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.