பங்குனியில் வீட்டுக்குள்

மேட்டூர் அணையை அடைத்து வாரங்கள் ஆகின்றன. குடமுருட்டி ஆறு மணலாகக் கிடக்கிறது. நடுவில் ஒரு வாய்க்கால் அளவு ஈரம்.

சன்னலைத் திறக்கிறேன். வெயில். வைக்கோல் வாசம்.

*

சுவர் ஓரமாகச் சிற்றெறும்பு. ஒன்றன் பின் ஒன்று. எதிரே வருவதோடு முகம் உரசுகிறது, விலகுகிறது, போகிறது.

வரிசை சர்க்கரை டப்பாவைத் தொடாமல் கடக்கிறது. தண்ணீர்ப் பானைக்கு அடியில் போய் முடிகிறது. பானை கசிந்த ஈரம் தரையில் வட்டமாக இருக்கிறது. அதன் விளிம்பில் தலை குனிந்து நிற்கின்றன.

விரலால் குறுக்கே ஒரு கோடு தேய்க்கிறேன். முதல் எறும்பு நிற்கிறது. முன்னே போனவை தரையில் விட்டுப்போன மணம் அந்த இடத்தில் இல்லை. இந்தப் பக்கம் சில, அந்தப் பக்கம் சில, சுற்றுகின்றன.

ஒன்று கடக்கிறது.

எல்லாம் கடக்கின்றன.

*

விரலில் புளிப்பு வாடை.

*

உளுந்து வீட்டுக்கு வருகிறது. தையில், சம்பா வயலில் நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ஈரச் சேற்றில் தெளித்தது. உழவு இல்லை. பாய்ச்சல் இல்லை. நெல் விட்டுப்போன ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து, இப்போது கூடத்தில் சாக்காக நிற்கிறது.

கை விடுகிறேன். வழுக்கிக்கொண்டு விலகுகிறது. முழங்கை வரை குளிர்ச்சி.

*

ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பார்க்கிறேன். கறுப்புத் தோலில் வெள்ளையாக ஒரு புள்ளி. நகத்தால் சுரண்டினால் வருகிறது. பயறு வண்டின் முட்டை.

முட்டை வைக்கும்போது அது கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். வெள்ளையாகிவிட்டால் உள்ளே இருந்த புழு போய்விட்டது என்று பொருள். ஓட்டைத் திறந்து வெளியே வருவதில்லை. முட்டையின் அடிப்பக்கமாகவே துளைத்து, நேரே மணிக்குள் இறங்குகிறது. குடைந்த தூளைப் பின்னால் தள்ளுகிறது. அந்தத் தூள் அடைந்துதான் வெள்ளை.

வெளியுலகத்தை ஒரு கணம்கூடப் பார்க்காமல் முட்டையிலிருந்து உளுந்துக்கு.

*

இன்னொரு மணி. இதில் தோல் ஓரிடத்தில் மங்கலாக இருக்கிறது. சின்ன வட்டம். புழு தின்று முடித்து, வண்டாக மாறும் முன் தோலை மட்டும் மெல்லியதாக விட்டுவைத்த இடம். அதற்குப் பின்னால் இப்போது யாரோ இருக்கிறார்கள்.

மணியைத் திரும்பப் போட மனம் வரவில்லை. உள்ளங்கையிலேயே வைத்திருக்கிறேன்.

*

பழுப்பு நிறம். முதுகில் கருந்திட்டு. வெளியே வந்த வண்டு எதையும் தின்பதில்லை. உளுந்தையும் தின்பதில்லை. வாழ்வதே ஒரு வாரம், இரண்டு வாரம். இணை தேடுகிறது, முட்டை வைக்கிறது, கவிழ்ந்து கிடக்கிறது.

பசி எல்லாம் இருட்டிலேயே முடிந்துவிடுகிறது.

*

சாக்கைக் கட்டி வைத்தும் எப்படி வந்தது என்று வீட்டில் கேட்கிறார்கள். எங்கிருந்தும் வரவில்லை. காய் செடியில் முற்றும்போதே அதன்மேல் முட்டை வைத்தாகிவிட்டது. அறுத்து, அடித்து, தூற்றி, சாக்கில் கட்டி, வண்டியில் ஏற்றி, தலையில் சுமந்து கூடத்தில் இறக்கியது நாங்கள்.

வயலுக்கும் கூடத்துக்கும் நடுவில் எங்கே வாசல்?

*

மொட்டை மாடியில் பழைய சேலை. அதன்மேல் உளுந்து. கால் வைக்க முடியாத சூடு. வண்டுகள் மேலே வந்து, ஓரத்துக்கு நடக்கின்றன. சில சேலையின் கரையில் நின்று சிறகு விரிக்கின்றன.

முட்டைகளால் நடக்க முடியாது.

*

சூடு ஆறியதும் அம்மா உளுந்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் புரட்டுகிறாள். உள்ளங்கை மினுமினுக்கிறது. ஒரு மணியும் தப்பாமல் படவேண்டும். எண்ணெய் பூசிய மணியில் முட்டை பிழைப்பதில்லை. மீதியை உடைத்துப் பருப்பாக்கிவிடலாம் என்கிறாள். உடைத்த பருப்பை வண்டு அவ்வளவாக நாடுவதில்லை.

ஒரு பிடி வசம்பு. துணியில் கட்டி டின்னுக்குள் போகிறது. காரமான மண் வாசம் நெடுநேரம் விரலில்.

*

காவடிக்கு மேளம். தூரத்தில். நிற்கிறது. மறுபடி கேட்கிறது.

*

பத்தாயத்தின் பலகையை நகர்த்துகிறேன். முகத்தில் மோதுகிறது ஒரு சின்னப் பறத்தல். வைக்கோல் நிறத்து அந்து. விரலில் பட்டதும் தூளாகிறது.

நெல்லுக்குள் கை விடுகிறேன். உளுந்தைப்போல இல்லை. ஆழத்தில் சூடு. அடுப்போ வெயிலோ எட்டாத இடத்தில், மணிகளுக்குள் இருக்கும் புழுக்கள் மூச்சு விடுகிற சூடு.

கையை உடனே எடுக்கவில்லை.

*

சிலர் இந்தச் சூட்டுக்கு நெல்லில் பூச்சி மாத்திரை போடுகிறார்கள். ஈரக்காற்று பட்டதும் அது வாயுவாகிறது. கண்ணுக்குத் தெரியாது. வண்டுக்கும் மனிதருக்கும் வித்தியாசம் பார்க்காது. பத்தாயம் இருக்கும் வீட்டிலேயே குழந்தைகள் பாய் விரித்துப் படுக்கிறார்கள்.

வேண்டாம்.

இந்த ஒன்றில் மனம் அமைதியாக இல்லை. இருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

*

பலகைக்கு நடுவில் காய்ந்த நொச்சி இலை. போன வருஷத்தது. நொறுங்குகிறது. மணம் மட்டும் முழுசாக இருக்கிறது.

*

முறத்தில் அரிசி. அம்மா புடைக்கிறாள். நீண்ட மூக்கோடு ஒரு கறுப்பு வண்டு நடந்துவருகிறது. தொடுகிறேன். காலை மடக்கிக்கொண்டு உருள்கிறது. கல்லோ வண்டோ தெரியாது.

காத்திருக்கிறேன். அதுவும் காத்திருக்கிறது.

ஒரு கால் நீள்கிறது.

*

மத்தியானம். சத்தமில்லை. ரீங்காரம் ஒன்று மட்டும் வருகிறது, போகிறது.

குளவி. சுவிட்ச் போர்டின் பிளக் துளையில் மண் வைக்கிறது. ஆறு காய்ந்திருக்கிற மாதத்தில் எங்கே கிடைக்கிறது அதற்கு இந்தச் சேறு? பின்னாலேயே போகிறேன். கொல்லைக் குழாயடி. சொட்டுகிற இடத்தில் உட்கார்ந்து, உருட்டி, தூக்கிக்கொண்டு எழுகிறது.

பிறகு ஒரு பச்சைப் புழுவோடு வருகிறது. புழு சாகவில்லை. அசையவும் முடியவில்லை. உள்ளே தள்ளுகிறது. மண்ணால் மூடுகிறது.

குளவி கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகும் என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் குளவி உள்ளே வைத்த முட்டை பொரிந்ததும் அந்தப் புழுதான் குஞ்சுக்குச் சாப்பாடு.

குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்றும் சொல்வார்கள். அம்மா அந்த பிளக்கைத் தொடக்கூடாது என்கிறாள். மிக்ஸி கூடத்துக்கு இடம் மாறுகிறது.

*

அறுப்புக்குப் பிறகு வயலில் மறைவு இல்லை. எலிகள் வீட்டுப் பக்கம் வருகின்றன. இரவில் ஓட்டுக்கு மேல் சின்னக் காலடி. நிற்கிறது. நானும் மூச்சை நிறுத்துகிறேன்.

வரப்பில் மூங்கிலை வளைத்து வைக்கும் எலிக் கிட்டிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி என்றே பெயர். எலி வளையைத் தோண்டி, அது சேர்த்துவைத்த கதிரை எடுத்துக் கஞ்சி காய்ச்சிய வீடுகளும் இதே தஞ்சைச் சீமையில் இருந்தன. விளைவித்த கைகளுக்கு நெல் வளையிலிருந்து கிடைத்தது.

இதை எழுதிவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை.

*

மாடத்தில் எலிப் பசை இருந்த இடம் காலியாக இருக்கிறது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்தது. அரசு தடை செய்தாயிற்று. தடைக்கு முன் அதனால் போனவர்கள் எலிகள் மட்டும் இல்லை.

தூசியில் டியூபின் தடம்.

*

அலமாரிக்குப் பின்னால் சுவரில் ஒரு மண் கோடு. தரையிலிருந்து மேலே ஏறுகிறது. நகத்தால் கொஞ்சம் பெயர்க்கிறேன். உள்ளே வெளிறிய கரையான்கள். வேலைக்காரக் கரையான்களுக்குக் கண் இல்லை. வெளிச்சம் பட்டதோ காற்று பட்டதோ, ஓட்டம் கலைகிறது.

சற்று நேரத்தில் உடைந்த விளிம்பில் ஒன்று வந்து ஈர மண் வைக்கிறது. திரும்புகிறது. அடுத்தது வைக்கிறது.

*

அலமாரியின் கீழ்த்தட்டில் தாத்தாவின் கணக்கு நோட்டு. அட்டை முழுசாக இருக்கிறது. திறந்தால் நடுவில் ஒன்றும் இல்லை. ஓரத்தில் சில எண்கள். கலம், மரக்கால், படி.

என்ன கணக்கு என்று தெரியவில்லை.

*

தஞ்சை சரஸ்வதி மகாலில் ஏடுகளுக்கு நடுவே வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கற்பூரம் எல்லாம் பொடித்துத் துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. எங்கள் உளுந்து டின்னில் இருக்கும் அதே வசம்பு.

1855இல் பிறந்த உத்தமதானபுரத்து உ.வே.சா. ஏடு தேடி ஊர் ஊராகப் போனார். பல வீடுகளுக்குக் கரையான் அவருக்கு முன்பே போயிருந்தது. அது எதைத் தின்றது என்பது யாருக்கும் தெரியாது. பெயர்கூட மிஞ்சாதவை இருக்கும்.

அந்த நினைப்பு வருகிறது. இருக்கிறது.

*

வடக்கே மின்னுகிறது. மழை இல்லை.

கோடை மழை ஒன்று பெய்தால் அன்று சாயங்காலமே ஈசல் கிளம்பும். விளக்கை அணைத்துவிட்டு வாசலில் உட்காருவோம். இந்தச் சுவருக்குள் கண் இல்லாமல் நடப்பவற்றுக்குக் கண்ணும் சிறகும் உள்ள உடன்பிறப்புகள் அவை. ஒரு சாயங்காலம் பறக்கும். சிறகைத் தாமே உதிர்க்கும். இரண்டிரண்டாக மண்ணைத் தேடி நடக்கும்.

காலையில் சிறகுகளைப் பெருக்கினால் துடைப்பத்துக்கு முன்னால் பறந்துகொண்டே போகும். எடையே இருக்காது.

*

குழல்விளக்கின் ஓரத்தில் பல்லி. வயிற்றுக்குள் துடிப்பு தெரிகிறது.

*

அலமாரியை நகர்த்தவேண்டும். அண்ணன் வந்தால்தான் முடியும். மண் கோடு இன்று சட்டத்தைத் தொட்டிருக்கிறது. பின்பலகையில் இன்னும் ஏறவில்லை.

வசம்பு தீர்ந்துவிட்டது. நாளை கடைத்தெருவுக்குப் போகும்போது வாங்கவேண்டும்.