மறைக்காட்டுக் கதவும் மடக்குக் கதவும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்தால் வீடிழந்த கதவுகளைப் பார்க்கலாம். கஜலட்சுமி செதுக்கிய மேற்பலகை, பித்தளைக் குமிழ் பதித்த இரட்டைக் கதவு, மஞ்சளும் குங்குமமும் ஏறிக் கறுத்துப்போன நிலை என்று எல்லாமே பழம்பொருள் கடைகளின் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. அதே வட்டாரத்தில் இன்னும் ஆள் குடியிருக்கும் செட்டிநாட்டு வீடுகளில் வேறொரு பேச்சு நடக்கிறது. இரண்டாம் கட்டிலிருந்து தோட்டத்துக்குப் போகும் கதவு உளுத்துவிட்டது. அதை எடுத்துவிட்டு, ஒன்றோடொன்று மடிந்து ஓரமாக ஒதுங்கும் மரக் கதவு போட்டால் என்ன? காற்று வரும், வெளிச்சம் வரும், வயதானவர்கள் படி தடுக்கி விழமாட்டார்கள். நியாயமான ஆசைதான். ஆனாலும் பங்காளிகள் கூடினால், "கதவை மாத்திட்டா அப்புறம் அது ஐயா கட்டுன வீடா?" என்று ஒரு பெரியவரின் குரல் எழாமல் இருக்காது.

அந்தக் கேள்வி மிகப் பழையது. கிரேக்க அரசன் மிலிந்தனும் பௌத்தத் துறவி நாகசேனரும் பேசிக்கொண்டதாக வழங்கும் உரையாடலில், இது தேரைப் பற்றிய கேள்வியாக வருகிறது. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று நாகசேனர் ஒவ்வொன்றாகக் கேட்க, இல்லை இல்லை என்கிறான் அரசன். உறுப்புகள் கூடி நிற்கையில் நாம் இடும் பெயரே தேர், தனியாகத் தேர் என்று எதுவும் கிடையாது என்பது பௌத்தர் முடிவு. நியாய, வைசேஷிகத் தரப்பினர் இதை ஏற்கவில்லை. உறுப்புகளுக்கு அப்பால் முழுப்பொருள் என்று ஒன்று மெய்யாகவே உண்டு என்றார்கள். கூடவே, துணியிலிருந்து ஒரு நூலை உருவினாலும் பழைய துணி அழிந்து புதிய துணி பிறக்கிறது என்றும் வாதிட்டார்கள். அவர்கள் கணக்கில், ஒரு சட்டத்தைக் கழற்றியதுமே ஐயா கட்டிய வீடு போயிற்று. பௌத்தர் கணக்கிலோ, போவதற்கென்று அங்கே எதுவும் இருந்ததே இல்லை. தர்க்கமாக இரண்டும் வலுவானவை. உளுத்த கதவின் முன் நிற்பவருக்கு இரண்டாலும் பயன் குறைவு.

அவருக்கு வழி சொல்வது கோயில்தான்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது தமிழ்நாட்டுக் கோயில்களின் வழக்கம். திருப்பணிக்காக ஒரு கல்லைப் பெயர்க்குமுன் பாலாலயம் செய்கிறார்கள். கலாகர்ஷணம் என்னும் சடங்கால் மூர்த்தியின் சக்தியைக் கும்பத்துக்கு அழைத்து, தற்காலிகமாக ஓரிடத்தில் எழுந்தருளச் செய்து, பூசை தவறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வேலை முடிந்ததும் அந்தச் சக்தி பழைய இடத்துக்குத் திரும்புகிறது. இடையில் சுதையும் கதவும் தளமும் புதிதாகியிருக்கலாம். கோயில் மாறிவிட்டதாக எந்த பக்தரும் நினைப்பதில்லை.

பூரி ஜகந்நாதரிடம் இது இன்னும் ஆழமாகப் போகிறது. அங்கே மூலவரே வேப்பமரம். ஆஷாட மாதம் இரண்டு முறை வரும் ஆண்டுகளில் நவகளேபரம் நடக்கிறது. அண்மையில் 1996இலும் 2015இலும் நடந்தது. புதிய திருமேனி செதுக்கி, பழையதன் உள்ளிருக்கும் பிரம்மப் பொருளை தைத்தாபதிகள் என்னும் சேவகர்கள் நள்ளிரவில் கண்ணைக் கட்டிக்கொண்டு புதியதற்குள் வைக்கிறார்கள். பழைய திருமேனியைக் கோயில் வளாகத்திலேயே அடக்கம் செய்கிறார்கள். ஜப்பானின் இசே ஆலயம் இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அப்படியே புதிதாகக் கட்டப்படுகிறது. 62ஆவது முறை கட்டியது 2013இல். பிரித்தெடுத்த மரம் வீணாவதில்லை. பிரதான தூண்கள் ஆற்றுப்பாலத்தின் இரு முனைகளிலும் தோரண வாயிலாக நிற்கின்றன. மற்றவை வேறு ஆலயங்களுக்குப் போகின்றன.

மரம் சாகும் என்பதை மூன்று மரபுகளுமே ஒளிவுமறைவில்லாமல் ஏற்றுக்கொள்கின்றன. பழையதிலிருந்து புதியதற்கு எப்படிக் கைமாற்றுகிறோம் என்பதில்தான் அவற்றின் கவலை முழுவதும் இருக்கிறது. ஐரோப்பாவின் மரபுப் பாதுகாப்பு வல்லுநர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்க்கும் பகுதி பழையதோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் புதியதென்று கண்டுகொள்ளும்படியும் இருக்க வேண்டும் என்றது. முப்பது ஆண்டு கழித்து நாரா நகரில் கூடியவர்கள், எது அசல் என்பதை அந்தந்தப் பண்பாட்டுக்குள் நின்றே தீர்மானிக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். இசேயைப் பாதுகாக்கும் நாட்டில் அந்த முடிவு எட்டப்பட்டது பொருத்தமானது.

ஆக, உளுத்த கதவுக்குப் பதில் அதே அளவில், அதே செய்நேர்த்தியில் புதுக்கதவு போட்டால் ஐயாவின் வீட்டுக்கு ஒன்றும் ஆகிவிடாது. பெரியவரின் கவலைக்கு இந்த அளவில் பதில் உண்டு. மடக்குக் கதவு கொண்டுவரும் சிக்கல் வேறு. அது பழைய கதவு செய்த வேலையைச் செய்வதில்லை. நான்கோ ஆறோ பலகைகள் மடிந்து ஒதுங்கியதும் சுவரே இல்லாமல் போகிறது. உருளைகள் தடையின்றி ஓடவும் கால் இடறாமல் இருக்கவும் தரையைச் சமமாக்குவதால் வாசற்படியும் காணாமல் போகிறது.

வாசற்படி சின்ன விஷயமில்லை. இரணியனை நரசிம்மர் வதைத்தது வாசற்படியில். உள்ளேயும் ஆகாது, வெளியேயும் ஆகாது என்று அவன் வாங்கிய வரத்தின் எல்லைக்குள் அடங்காத ஓரிடம் அது. வீடு கட்டும்போது நிலை வைப்பதற்கென்று நாள் பார்ப்பதும், நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து நிலையில் கட்டுவதும், படியை மிதிக்காமல் தாண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்வதும் அந்த இடத்தின் மேலுள்ள மரியாதைதான். செட்டிநாட்டு வீடு முழுவதுமே இப்படிப்பட்ட படிகளின் வரிசை. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று போகப்போக ஒவ்வொரு நிலையும் வருபவரின் உறவைக் கேட்கிறது. கணக்குப் பார்க்க வந்தவர் முகப்போடு நின்றார். சம்பந்தி வளவுக்கு வந்தார். இந்த ஒழுங்கு பலரை வெளியே நிறுத்தவும் பயன்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கதவுகளில் சில என்றைக்கோ திறந்திருக்க வேண்டியவை.

அப்படியானால் முழுவதும் திறப்பதே அறமா? இதற்குத் திருமறைக்காட்டுக் கதை ஒரு நுட்பமான பதிலை வைத்திருக்கிறது. வேதங்கள் பூசித்துத் திருக்காப்பிட்டுப் போன கோயில் கதவு அது. அதன்பின் யாராலும் திறக்க முடியவில்லை, ஊரார் வேறொரு வாயில் வழியாகப் போய் வணங்கினார்கள் என்கிறது பெரியபுராணம். அப்பர் பதிகம் பாடினார், கதவு திறந்தது. கதை அங்கே முடியவில்லை. உள்ளே போய் வணங்கித் திரும்பிய பிறகு, கதவு அடைத்துக்கொள்ளச் சம்பந்தர் பாடினார். அப்பரின் பாட்டுக்குத் தாமதித்துத் திறந்த கதவு, சம்பந்தரின் பாட்டுக்கு உடனே மூடிக்கொண்டது. அன்று முதல் அது திறந்தும் மூடியும் வழக்கப்படி இயங்கியது. அடைத்தே கிடந்ததும் குறை, திறந்தபடியே விட்டாலும் குறை என்று இந்தக் கதையை வாசிக்க இடமிருக்கிறது. இரண்டு அருளாளர்கள் சேர்ந்து செய்ய வேண்டியிருந்த வேலை அது.

மடக்குக் கதவையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் எங்கே போடலாம், எங்கே கூடாது என்பது தெளிகிறது. தலைவாசலில் கூடாது. முகப்பிலிருந்து வளவுக்குப் போகும் நிலையிலும் கூடாது. தோட்டத்தையோ பின்முற்றத்தையோ பார்க்கும் பக்கத்தில் தாராளமாகப் போடலாம். அங்கே அது எந்த உறவின் எல்லையையும் அழிப்பதில்லை. அகலத் திறக்கும் மரத்தடுப்பு மனிதருக்குப் புதிதும் அல்ல. இத்தாலியின் ஹெர்குலேனியத்தில் கி.பி. 79இல் எரிமலை வெடிப்பில் புதைந்த ஒரு வீட்டில், கூடத்துக்கும் வீட்டுத் தலைவரின் அறைக்கும் நடுவில் இருந்த மரத்தடுப்பு கரியாகிப்போய் இன்றும் நிற்கிறது. ரோமானியரும் வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடிக்கொண்டார்கள்.

மரத்தின் குணமும் இந்த முடிவுக்குள் வர வேண்டும். மரம் மழைக்காலத்தில் நீளவாக்கில் அல்ல, அகலவாக்கில்தான் ஊதும். ஆறு பலகையும் கொஞ்சம் கொஞ்சம் ஊதினால் ஐப்பசியில் கதவு நகராது. பழைய ஆசாரிகள் சட்டத்துக்குள் பலகையை ஒட்டாமல், காடியில் செருகி மட்டும் விட்டது இதற்காகத்தான். புதிதாகச் செய்பவரும் வெளிறு நீக்கி, வைரம் பாய்ந்த, நன்றாகக் காய்ந்த தேக்கையே எடுக்க வேண்டும். மேலிருந்து தொங்கும் வகை என்றால் முழுக் கனமும் உத்தரத்தில் இறங்கும். நூறு வயதுச் சுண்ணாம்புச் சுவர் அதைத் தாங்குமா என்று பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே வேலையைத் தொடங்கலாம். பர்மா தேக்குப் போலத் தெரிய வேண்டும் என்று சாயம் பூசிப் பழசாக்கவும் வேண்டாம். இந்தத் தலைமுறை போட்ட கதவு என்று தெரிவதில் அவமானம் எதுவும் இல்லை. வெனிஸ் சாசனம் நம் வீட்டுக்குச் சரியாகப் பொருந்தும் இடம் இது.

கழற்றிய பழைய கதவை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சம். பூரியில் அடக்கம் செய்கிறார்கள், இசேயில் இன்னொரு வாயிலாக்குகிறார்கள். காரைக்குடிக் கடைத்தெருவுக்கு அனுப்புமுன் பங்காளிகள் இதை ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும். உளுக்காத சட்டங்களைக் கொண்டு அதே வீட்டில் ஒரு சாளரமோ பூசை அறைக் கதவோ செய்துகொள்ளலாம். புதிய கதவுக்காக நிலையையே பெயர்க்க வேண்டி வந்தால், அளவெடுத்து, படம் பிடித்து, முழுதாகப் பிரித்து வீட்டுக்குள்ளேயே ஓர் அறையில் வைத்திருங்கள். பேரப்பிள்ளைகள் அதைத் திரும்ப வைக்க விரும்பினால் வைத்துக்கொள்ளட்டும்.