நாவும் துறையும்

குறிகட்டுவான் துறையிலே நெடுந்தீவுப் படகுக்காகக் காத்திருப்போரின் உரையாடலுக்குச் சிறிது செவிகொடுத்தால், 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் முற்றாகப் போய்விடவில்லை என்பது விளங்கும். கந்தோர், லாச்சி, நொத்தாரிசு முதலிய சொற்கள் அவர்கள் விட்டுச்சென்றவை. நெடுந்தீவுக்கு டெல்ப்ட் எனத் தம் நாட்டு நகரொன்றின் பெயரை இட்டவரும் அவர்களே. ஆள வந்தவனின் சொல்லை எம் மக்கள் நாணமின்றி ஏற்றனர். ஆயின் சொந்தச் சகோதரனின் பேச்சுக்கு நாம் நாணுகிறோம்.

தீவுப்பகுதி மாணவனொருவன் எம் வகுப்பில் எழுந்து வாசித்தபோது, அவன் பேச்சின் சாயலைக் கேட்டு மற்றையோர் நகைத்தனர். நாம் கண்டிக்கவில்லை. அவன் கட்டுரையில் ‘உது’ என்று எழுதியிருந்ததைச் சிவப்பு மையால் வெட்டவும் செய்தோம். நாவின் வழக்கைக்கொண்டு ஒருவனை அளப்பது அறமாகுமா என்னும் வினா அன்றிரவுதான் எமக்கு எழுந்தது.

வினா மிகப் பழையது. எபிரேய வேதத்திலே, நியாயாதிபதிகள் ஆகமம் கூறும் கதையொன்றை நோக்குவோம். கீலேயாத்தியர் யோர்தான் ஆற்றின் துறைகளைப் பிடித்துக்கொண்டு, கடக்க வந்த ஒவ்வொருவனையும் ‘ஷிபோலேத்’ என்று சொல்லுமாறு பணித்தனர். எப்பிராயீமியர் நாவில் அது ‘சிபோலேத்’ என்றே வந்தது. அச்சொல்லுக்குத் தானியக் கதிர் என்று பொருள். கதிரின் பெயரைத் தம் ஊர் வழக்கிற் சொன்னவன் அத்துறையிலேயே வெட்டுண்டான். அக்காலத்தில் மாண்ட எப்பிராயீமியர் 42,000 பேர் என்கிறது அந்நூல். கொன்றவரும் மாண்டவரும் ஒரே மொழியினர்.

ஒல்லாந்த மொழியின் தென்வழக்கான பிளெமிஷ் பேசுவோரிடையேயும் இத்தகைய செய்தி உண்டு. 1302இல் புரூச் நகரத்தார் பிரெஞ்சு ஆதிக்கத்துக்கு எதிராக எழுந்தபோது, தம் வழக்குச் சொற்களைச் சரிவரச் சொல்ல இயலாதவரைக் கொன்றனர் என மரபு கூறும். ஆதிக்கத்தை எதிர்த்தோர் கையிலும் அச்சோதனை கொலைக்கருவியே ஆயிற்று. 1983 யூலையில் எமது நாட்டுத் தெருக்களிலே, வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லை உச்சரிக்கச் செய்து தமிழரைத் தேடினர் காடையர்.

‘திருத்தமான வழக்கு’ என்பதேனும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதா? யேமன் நாட்டு யூதர் எபிரேயத்தின் பழைய மிடற்றொலிகளைக் காத்து வந்தவர்கள். ஐரோப்பிய யூதரிடம் அவை மழுங்கிவிட்டன. எனினும் புதிய இசுரேலிலே செல்வாக்குப் பெற்றது மழுங்கிய உச்சரிப்பே. ‘உது’வின் கதையும் இதுவே. அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டென வகுத்தது தொல்காப்பியம். தமிழகம் உகரச் சுட்டைப் பேச்சில் இழந்தது. யாழ்ப்பாணத்து நா இழக்கவில்லை. தொல்காப்பியம் பயின்று பட்டம் பெற்ற நாமே அதை வெட்டினோம்! ஒரு வழக்கை உயர்த்துவது அதன் பழைமையன்று. அதனைப் பேசுவோரின் செல்வமும் அதிகாரமுமே.

பொதுவழக்கு வேண்டாவா எனச் சிலர் வினவலாம். வேண்டும். மன்னாரிலும் மலையகத்திலும் மட்டக்களப்பிலும் உள்ளோர் ஒரே நூலைப் படித்துணர அது இன்றியமையாதது. அதைக் கற்பிப்பது எம் கடன். ஆனால் கற்பிக்கும்போது மாணவனின் தாய் பேசும் பேச்சை இழிவென்று உணர்த்துவோமாயின், யோர்தான் துறையில் நின்ற காவலனுக்கும் எமக்கும் உள்ள வேற்றுமை வாளொன்றே.

மறுநாள் சுட்டெழுத்துப் பாடத்துக்கு அம்மாணவனின் வாக்கியத்தையே கரும்பலகையில் எழுதினோம். இதற்கும் அதற்கும் இடையில் நிற்பது எது என வினவினோம். விடை சொல்ல எழுந்தவன் அவனே. இம்முறை எவரும் நகைக்கவில்லை.